கடைசல்காரர் பேபெல்

ஜெர்மனியின் சமூக ஜனநாயகக் கட்சியை நாற்பதாண்டு காலம் முன்னின்று நடத்திய ஆகஸ்ட் பேபெல் (1840–1913) தொழிலால் கடைசல்காரர். மரத்தையும் எருமைக் கொம்பையும் கடைசல் பட்டறையில் சுழலவிட்டு, உளி பிடித்துக் கடைந்து, கதவுக்கும் ஜன்னலுக்கும் கைப்பிடி செய்து விற்றவர். கல்லூரி வாசலை மிதித்ததில்லை. சொத்து இல்லை, குலப்பெருமை இல்லை. ஆனாலும் 27 வயதில் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்து, நடுவில் ஓர் இடைவெளி தவிர, 73ஆம் வயதில் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். ஐரோப்பாவில் உழைப்பாளிகளுக்கென்று எழுந்த வெகுஜனக் கட்சிகளுக்கெல்லாம் முன்மாதிரியாக இருந்த ஒரு கட்சியை உருவாக்கியதில் அவருக்கு இருந்த பங்கு வேறு யாருக்கும் இல்லை.

பேபெல் பிறந்தது 1840 பிப்ரவரி 22 அன்று, ரைன் நதிக்கரையில் கொலோன் நகருக்கு எதிரே உள்ள டாய்ட்ஸில். தந்தை பிரஷ்யப் படையில் கீழ்நிலை அலுவலர். படைவீட்டின் இருண்ட அறை ஒன்றில்தான் குடும்பம் வாழ்ந்தது. குழந்தைக்கு நான்கு வயது ஆவதற்குள் தந்தை இறந்துவிட்டார். தாய், கணவரின் இரட்டைச் சகோதரரையே மறுமணம் செய்துகொண்டார். அவரும் 1846இல் காலமானார். இரண்டு முறை கணவரை இழந்த அந்தப் பெண், பிள்ளைகளை அழைத்துக்கொண்டு சொந்த ஊரான வெட்ஸ்லாருக்குத் திரும்பி, படைவீரர்களுக்கான தோல் கையுறைகளைத் தைத்துக் கொடுத்துக் குடும்பத்தை ஓட்டினார். காசநோய் அவரையும் 1853இல் கொண்டுபோனது. பதின்மூன்று வயதில் பேபெல் அனாதையானார்.

படிப்பில் கெட்டிக்காரரான சிறுவனுக்குச் சுரங்கவியல் படிக்க ஆசை. அதற்குப் பணம் வேண்டும், இல்லை. வெட்ஸ்லாரில் ஒரு கடைசல் பட்டறையில் தொழில் பழகச் சேர்த்துவிட்டார்கள். விடியற்காலை ஐந்து மணிக்குத் தொடங்கும் வேலை மாலை ஏழு மணிக்கு முடியும். இயந்திரத்திலிருந்து எழுந்தால் சாப்பாடு, சாப்பிட்டு எழுந்தால் மறுபடி இயந்திரம் என்று பின்னாளில் தம் வாழ்க்கை வரலாற்றில் அவர் எழுதினார். முதலாளி நல்லவர்தான், அந்தக் காலத்தின் வேலைமுறையே அப்படி. எடுபிடி வேலைகளில் கிடைத்த சில்லறையை வாடகைப் புத்தகக் கடையில் செலவழித்து ராபின்சன் குரூஸோவையும் அங்கிள் டாமின் குடிசையையும் படித்தார். பிற்காலத்தில் நாடாளுமன்றத்தில் புள்ளிவிவரங்களை அடுக்கிப் பேசி அமைச்சர்களைத் திணறடித்த மனிதரின் வாசிப்புப் பழக்கம் இப்படித் தொடங்கியது.

தொழில் பழகி முடித்த இளைஞர்கள் ஊர் ஊராகச் சென்று வேலை பார்ப்பது அப்போது ஜெர்மன் நாடுகளில் மரபு. மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தே போவார்கள். ஒரு ஊரில் சில மாதம், மற்றொரு ஊரில் சில மாதம் என்று தொழிலின் நுணுக்கங்களையும் உலக நடப்பையும் ஒருசேரக் கற்றுக்கொள்வார்கள். 1858இல் பேபெலும் புறப்பட்டார். ஸ்பேயர், ஃப்ரைபர்க், ரேகன்ஸ்பர்க், சால்ஸ்பர்க் என்று தெற்கே சுற்றினார். சீர்திருத்தக் கிறிஸ்தவரான அவர், கத்தோலிக்கத் திருச்சபை நடத்திய தொழிலாளர் விடுதிச் சங்கங்களில் சேர்ந்திருந்தார். அங்கே செய்தித்தாள் கிடைக்கும், பேச்சுத்துணை கிடைக்கும். மதம் மாறச் சொல்லி யாரும் வற்புறுத்தவில்லை. ராணுவத்தில் சேர முயன்றபோது உடல் வலு போதாது என்று திருப்பி அனுப்பினார்கள். 1860 மே மாதம் லைப்சிக் நகருக்கு வந்து சேர்ந்தார். ஊர்சுற்றல் அத்துடன் நின்றது.

லைப்சிக் அப்போது ஜெர்மனியின் புத்தக வணிகத்துக்கும் சந்தைகளுக்கும் பெயர்போன நகரம். 1861இல் அங்கே தொழிலாளர்களுக்கென ஒரு கல்விச் சங்கம் தொடங்கப்பட்டது. வேலை முடிந்த பிறகு கணக்கு, மொழி, வரலாறு, இயற்கை அறிவியல் ஆகியவற்றைச் சொல்லிக்கொடுக்கும் இத்தகைய சங்கங்களைப் பெரும்பாலும் தாராளவாத நடுத்தர வர்க்கத்தினர்தான் நடத்திவந்தனர். தொழிலாளி நன்றாகப் படித்து, சிக்கனமாகச் சேமித்து, தன் முயற்சியால் மேலே வர வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். பேபெல் அதில் சேர்ந்தபோது அவருக்கும் அதே எண்ணம்தான். 1863இல் ஃபெர்டினாண்ட் லஸ்ஸால் அதே லைப்சிக்கில் தனித் தொழிலாளர் கட்சி ஒன்றைத் தொடங்கி, அனைவருக்கும் வாக்குரிமை வேண்டும் என்று முழங்கினார். இருபத்து மூன்று வயது பேபெல் அதை எதிர்த்தார். தொழிலாளர்கள் அதற்கு இன்னும் பக்குவப்படவில்லை என்று மேடையிலேயே சொன்னார். உலகத் தொழிலாளர் இயக்கத்தின் பெருந்தலைவர்களில் ஒருவராக ஆகப்போகிறவர், தம் வர்க்கத்துக்கு வாக்குரிமை கூடாது என்ற இடத்திலிருந்து பயணத்தைத் தொடங்கினார் என்பதைக் கவனத்தில் கொள்ள வேண்டும். ஒரு புத்தகத்தைப் படித்து ஒரே இரவில் மாறியவர் அல்லர் அவர். சங்கக் கூட்டங்களில் எதிர்த்தரப்பின் வாதத்துக்குப் பதில் தேடித் தேடி, அந்தத் தேடலிலேயே மெல்ல மெல்ல மறுகரை சேர்ந்தவர்.

1865இல் இரண்டு காரியங்கள் நடந்தன. லைப்சிக் தொழிலாளர் கல்விச் சங்கத்தின் தலைவரானார். பிரஷ்யாவிலிருந்து நாடு கடத்தப்பட்டு லைப்சிக்குக் குடியேறிய வில்ஹெல்ம் லீப்னெக்டைச் சந்தித்தார். லீப்னெக்ட் பல்கலைக்கழகத்தில் படித்தவர், 1848 புரட்சியில் களம் கண்டவர், லண்டனில் பல ஆண்டுகள் கார்ல் மார்க்ஸின் வீட்டில் பழகியவர். பேபெலைவிடப் பதினான்கு வயது மூத்தவர். ஒருவரிடம் கல்வியும் அனுபவமும், மற்றவரிடம் ஊர் ஊராகத் தொழிலாளர் சங்கங்களைக் கட்டி மேய்க்கும் திறமையும் பட்டறைவாசிகளின் மொழியும் இருந்தன. இந்த இருவர் கூட்டணி முப்பதாண்டுகளுக்கு மேல் நீடித்தது.

லீப்னெக்டைச் சந்திப்பதற்கு முந்தைய ஆண்டு, 1864இல், பேபெல் சொந்தமாகப் பட்டறை வைத்திருந்தார். சிறிய இடம், சிறிய முதல். எருமைக் கொம்பில் கைப்பிடிகள் கடைவது அதன் சிறப்பு. 1866இல் யூலியே ஓட்டோவை மணந்தார். பெண்களுக்கான தொப்பி, அலங்காரப் பொருள்கள் செய்யும் கூடத்தில் வேலை பார்த்தவர் யூலியே. பேபெலின் அரசியல் வாழ்க்கையைப் பற்றி எழுதுகிறவர்கள் பலரும் இந்தப் பெண்மணியை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள், அது நியாயமில்லை. கணவர் சிறையில் இருந்த காலங்களில் பட்டறையை நடத்தியவர் அவர். சரக்கு வாங்குவது, ஆட்களுக்குக் கூலி கொடுப்பது, கடன்காரர்களுக்குப் பதில் சொல்வது எல்லாம் அவர் பொறுப்பு. பின்னாளில் கட்சி தடைசெய்யப்பட்டிருந்த காலத்தில் அதன் கடிதங்களைக் கையாண்டதும், சிறைப்பட்டவர்களின் குடும்பங்களுக்கு உதவி சேர்த்ததும் அவரே. பேபெலே தம் வாழ்க்கை வரலாற்றில், இந்த மனைவி இல்லாவிட்டால் தம்மால் இவ்வளவு செய்திருக்க முடியாது என்ற பொருளில் மனம் நெகிழ்ந்து எழுதியிருக்கிறார்.

பட்டறையின் முக்கியத்துவம் புரிய அக்கால நாடாளுமன்றத்தின் ஒரு விதியைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1867இல் வட ஜெர்மன் கூட்டமைப்புக்கென ரைக்ஸ்டாக் என்ற நாடாளுமன்றம் உருவானபோது, 25 வயது நிரம்பிய ஆண்கள் அனைவருக்கும் பிரஷ்யத் தலைமை அமைச்சர் பிஸ்மார்க் வாக்குரிமை வழங்கினார். கேட்கத் தாராளமாகத் தோன்றும். ஆனால், உறுப்பினர்களுக்குச் சம்பளமோ படியோ கிடையாது என்று அரசியல் சட்டத்திலேயே எழுதிவைத்தார். ஏழைகள் வாக்களிக்கலாம், பேர்லினில் மாதக்கணக்கில் தங்கி உறுப்பினராக இருக்க முடியாது என்பதுதான் கணக்கு. இந்த நிலை 1906 வரை மாறவில்லை. ஆகவே தொழிலாளியின் பிரதிநிதிக்கு ஒன்று கட்சி சோறு போட வேண்டும், அல்லது சொந்தத் தொழில் இருக்க வேண்டும். பேபெலைப் பல ஆண்டுகள் பேர்லினில் நிற்கவைத்தது லைப்சிக்கில் சுழன்றுகொண்டிருந்த கடைசல் பட்டறை.

1867 பிப்ரவரித் தேர்தலில் சாக்ஸனியின் கிளௌகாவ்–மீரானெ தொகுதியில் அவர் வென்றார். நெசவாளர்கள் நிறைந்த பகுதி அது. வீட்டிலேயே தறி போட்டு நெய்து, இயந்திரத் தறிகளின் போட்டியில் நொடிந்துகொண்டிருந்த மக்கள். பத்தாண்டுகள் அந்தத் தொகுதி அவரைக் கைவிடவில்லை. அரசியலில் அவர் பெயர் அடிபடத் தொடங்கியதும் லைப்சிக்கின் வணிகர்கள் அவரிடம் சரக்கு வாங்குவதை நிறுத்தினர். வெளியூர் வாடிக்கையாளர்கள் இருந்ததால்தான் பட்டறை பிழைத்தது.

1869 ஆகஸ்டில் ஐசனாக் நகரில் கூடிய மாநாட்டில் பேபெலும் லீப்னெக்டும் சமூக ஜனநாயகத் தொழிலாளர் கட்சியைத் தொடங்கினர். அடுத்த ஆண்டே சோதனை வந்தது. பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. 1870 ஜூலையில் போர்ச் செலவுக்கான கடன் மசோதா அவைக்கு வந்தபோது நாடே தேசபக்தி வெறியில் இருந்தது. பிஸ்மார்க்கையும் நம்ப முடியாது, பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியனையும் ஆதரிக்க முடியாது என்று சொல்லி இருவரும் வாக்களிக்காமல் ஒதுங்கினர். கட்சிக்குள்ளேயே இதற்குக் கடும் எதிர்ப்பு. செப்டம்பரில் நெப்போலியன் சிறைபிடிக்கப்பட்டு, பிரான்ஸ் குடியரசான பின்னும் போர் நிற்கவில்லை. அல்சாஸ், லொரைன் பகுதிகளைப் பறிக்கும் போராக அது மாறியது. இம்முறை கடன் மசோதாவை எதிர்த்தே வாக்களித்தனர். டிசம்பர் 17 அன்று பேபெல் கைது செய்யப்பட்டார். 102 நாள் விசாரணைக் காவல். சிறையில் இருந்தபடியே 1871 மார்ச் தேர்தலில் வென்றார். புதிய ஜெர்மன் பேரரசின் முதல் நாடாளுமன்றத்துக்கு அவருடைய கட்சியிலிருந்து சென்றவர்கள் இரண்டே பேர்.

அந்த ஆண்டு மே 25 அன்று, பாரிஸ் தொழிலாளர்களின் புரட்சி அரசான பாரிஸ் கம்யூன் ரத்த வெள்ளத்தில் மூழ்கிக்கொண்டிருந்த நேரம். எதிரிகள் நிறைந்த அவையில் எழுந்து நின்று, பாரிஸில் நடப்பது வெறும் முன்னோட்டச் சண்டைதான், ஐரோப்பாவின் பெரும்போராட்டம் இனிமேல்தான் வரப்போகிறது என்று பேபெல் பேசினார். அந்தப் பேச்சுதான் சமூக ஜனநாயகவாதிகளின் ஆபத்தைத் தமக்கு உணர்த்தியது என்று ஏழு ஆண்டுகள் கழித்து பிஸ்மார்க் அதே அவையில் சொன்னார். முப்பத்தோரு வயதுக் கடைசல்காரர் ஒருவரின் பேச்சு, ஐரோப்பாவின் மிகப்பெரிய ராஜதந்திரியின் மனத்தில் அவ்வளவு காலம் உறுத்திக்கொண்டிருந்திருக்கிறது.

1872 மார்ச்சில் லைப்சிக்கில் தேசத்துரோக வழக்கு நடந்தது. தனிப்பட்ட குற்றச்செயல் எதையும் நிரூபிக்க முடியாததால், கட்சி வெளியீடுகளையும் கடிதங்களையும் மணிக்கணக்கில் நீதிமன்றத்தில் படித்துக்காட்டினர். அவற்றைப் பத்திரிகைகள் அப்படியே வெளியிட்டன; கட்சி காசு கொடுத்தாலும் கிடைக்காத விளம்பரம் அரசின் செலவிலேயே கிடைத்தது. பேபெலுக்கும் லீப்னெக்டுக்கும் தலா இரண்டு ஆண்டு கோட்டைச் சிறை. போதாதென்று மன்னரை அவமதித்ததாக பேபெலுக்கு மேலும் ஒன்பது மாதம். உறுப்பினர் பதவியும் பறிக்கப்பட்டது. இடைத்தேர்தலில் அதே நெசவாளர்கள் முன்னைவிட அதிக வாக்கு வித்தியாசத்தில் அவரையே மறுபடி தேர்ந்தெடுத்தனர்.

ஹூபெர்ட்டுஸ்பர்க் கோட்டைச் சிறையைத் தம் பல்கலைக்கழகம் என்று பேபெல் கருதியதில் வியப்பில்லை. அரசியல் கைதிகளுக்குப் புத்தகம் வைத்துக்கொள்ளவும், எழுதவும், தோட்டத்தில் உலவவும் அனுமதி இருந்தது. லீப்னெக்டிடம் ஆங்கிலமும் பிரெஞ்சும் கற்றார். மார்க்ஸின் மூலதனத்தை ஆழ்ந்து படித்தார். வரலாறு, பொருளாதாரம், இயற்கை அறிவியல் என்று பட்டியல் போட்டு வாசித்தார். இரவு பகல் பாராத உழைப்பால் நுரையீரல் கெட்டிருந்த அவருக்கு, சிறையில் கிடைத்த ஓய்வு உடல்நலத்தையும் மீட்டுத் தந்தது. அவர் வாழ்நாளில் மொத்தமாகச் சிறையில் கழித்தது ஐந்து ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவு. அந்த ஆண்டுகளைக் கழித்துவிட்டால் எழுத்தாளர் பேபெல் இல்லை.

விடுதலையான சில வாரங்களில், 1875 மே மாதம், லஸ்ஸால் வழிவந்தவர்களும் ஐசனாக் பிரிவினரும் கோத்தா நகரில் கூடி ஒரே கட்சியாக இணைந்தனர். அந்த மாநாட்டில் பேபெல் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். வாக்குரிமைக் கோரிக்கையில் ஆண், பெண் இருபாலரையும் வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும் என்பது அது. தோழர்கள் தோற்கடித்துவிட்டனர். பதினாறு ஆண்டுகள் கழித்து, 1891இல் எர்ஃபுர்ட் திட்டத்தில்தான் பால் வேறுபாடற்ற வாக்குரிமை கட்சியின் கொள்கையாக ஏறியது.

தொழிலும் இதற்கிடையில் வளர்ந்தது. 1876இல் ஃபெர்டினாண்ட் இஸ்லைப் என்பவருடன் கூட்டுச் சேர்ந்தார். பட்டறை நீராவி இயந்திரம் வைத்த சிறு தொழிற்சாலையானது. உற்பத்தியைக் கூட்டாளி கவனிக்க, கைப்பிடி மாதிரிகளைப் பெட்டியில் எடுத்துக்கொண்டு ஊர் ஊராக ஆர்டர் பிடிக்கும் வேலையை பேபெல் ஏற்றார். இரண்டே ஆண்டில் இந்த ஏற்பாடு எதிர்பாராத விதத்தில் கை கொடுத்தது.

1878 மே 11 அன்றும் ஜூன் 2 அன்றும் பேரரசர் முதலாம் வில்ஹெல்ம் மீது இரண்டு கொலை முயற்சிகள் நடந்தன. சுட்டவர்களை ஏவிவிட்டது கட்சி என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. பிஸ்மார்க்குக்கு ஆதாரம் தேவைப்படவும் இல்லை. அக்டோபரில் சோஷலிஸ்டுகளுக்கு எதிரான தடைச்சட்டம் நிறைவேறியது. சங்கங்கள் கலைக்கப்பட்டன, பத்திரிகைகள் மூடப்பட்டன, கூட்டங்கள் தடைசெய்யப்பட்டன. ‘சிறு முற்றுகை’ அறிவிக்கப்பட்ட நகரங்களிலிருந்து போலீஸ் நினைத்தவரை வெளியேற்றலாம். 1881இல் லைப்சிக்கில் அது அறிவிக்கப்பட்டபோது பேபெலும் லீப்னெக்டும் பக்கத்துக் கிராமமான போர்ஸ்டோர்ஃபில் போய்க் குடியிருந்தனர். சட்டத்தில் ஒரே ஓட்டை: தனிநபராகத் தேர்தலில் நிற்கலாம், நாடாளுமன்றத்தில் பேசியதை அச்சிடலாம். பிஸ்மார்க் இதையும் அடைக்க விரும்பினார், அவை ஒப்பவில்லை.

அந்த ஓட்டை வழியாகத்தான் கட்சி பன்னிரண்டு ஆண்டுகள் மூச்சு விட்டது. சூரிக்கில் அச்சடித்த ‘சோஷியால்டெமோக்ராட்’ வார இதழ் எல்லை தாண்டிக் கடத்திவரப்பட்டு நாடெங்கும் போய்ச் சேர்ந்தது. மாநாடுகள் சுவிட்சர்லாந்திலும் கோபன்ஹேகனிலும் நடந்தன. உள்நாட்டில் கைப்பிடி மாதிரிப் பெட்டியுடன் ரயிலில் போய்க்கொண்டிருந்தார் வியாபாரி பேபெல். கடைக்காரரிடம் ஆர்டர் எழுதிக்கொள்வது பகலில். ஊர்த் தோழர்களைச் சந்தித்து அறுந்த தொடர்புகளை முடிச்சுப் போடுவது இரவில். ஒற்றர்கள் பின்தொடர்ந்தார்கள். ஆனாலும் வியாபாரத்துக்காக ஊர் சுற்றுகிறவரை எந்தச் சட்டத்தாலும் தடுக்க முடியவில்லை.

தடைச்சட்டத்தின் விளைவைத் தேர்தல் எண்கள் காட்டுகின்றன. 1877இல் கட்சி பெற்ற வாக்குகள் சுமார் 4.93 லட்சம். 1881இல் அது 3.12 லட்சமாகச் சரிந்தது. பேபெலே அந்தத் தேர்தலில் நாடாளுமன்ற இடத்தை இழந்து, 1883இல் ஹாம்பர்க் இடைத்தேர்தல் மூலம்தான் திரும்பினார். 1884இல் 5.5 லட்சம். 1887இல் 7.6 லட்சம். 1890 பிப்ரவரியில் 14 லட்சத்தைத் தாண்டியது. நாட்டிலேயே அதிக வாக்கு வாங்கிய கட்சி, தடைசெய்யப்பட்ட கட்சி! அடுத்த மாதமே பிஸ்மார்க் பதவியிழந்தார். செப்டம்பர் 30 அன்று தடைச்சட்டம் காலாவதியானது.

பிஸ்மார்க் தடியை மட்டும் எடுக்கவில்லை. 1883இல் நோய்க் காப்பீடு, 1884இல் விபத்துக் காப்பீடு, 1889இல் முதுமை ஓய்வூதியம் என்று உலகில் முதன்முதலாக அரசுவழிச் சமூகக் காப்பீட்டையும் கொண்டுவந்தார். தொழிலாளியைக் கட்சியிடமிருந்து பிரித்து அரசிடம் ஒட்டவைக்கும் திட்டம். சமூக ஜனநாயகம் இல்லாவிட்டால், அதைக் கண்டு பலர் அஞ்சாவிட்டால், இந்தச் சிறு முன்னேற்றமும் வந்திருக்காது என்று 1884இல் அவரே அவையில் ஒப்புக்கொண்டார். இன்று உலகம் முழுதும் தொழிலாளர்கள் பெறும் வைப்புநிதி, மருத்துவக் காப்பீடு போன்றவற்றின் பூர்விகத்தைத் தேடிப் போனால், பிஸ்மார்க்கின் பேனாவுக்குப் பின்னால் பேபெலின் கட்சி நிற்கும்.

தடைக்காலத்தின் தொடக்கத்தில்தான் பேபெலின் புகழ்பெற்ற நூல் வந்தது. ‘பெண்ணும் சோஷலிசமும்’ 1879இல் ரகசியமாக அச்சாகி, போலீஸின் கண்ணில் மண்ணைத் தூவுவதற்காக வேறொரு புள்ளிவிவர நூலின் அட்டைக்குள் ஒளிந்து விற்பனைக்குப் போனது. பெண்ணுக்கு இரட்டைச் சுமை. சமூகத்தில் ஆணைச் சார்ந்திருக்கிறாள், பொருளாதாரத்தில் முதலாளியைச் சார்ந்திருக்கிறாள். இரண்டும் நீங்காமல் விடுதலை இல்லை என்பது நூலின் மையக் கருத்து. திருமணம், கல்வி, கூலி, பாலியல் தொழில், வீட்டுவேலை எல்லாவற்றையும் தொட்டுச் செல்கிறது. எதிர்காலச் சமூகத்தில் பொதுச் சமையற்கூடங்களும் மின்சாரமும் பெண்ணை அடுப்படியிலிருந்து விடுவிக்கும் என்று கணித்தது. ஆசிரியர் உயிரோடு இருந்தபோதே ஜெர்மன் மொழியில் ஐம்பது பதிப்புகள் கண்டது. பல மொழிகளில் பெயர்க்கப்பட்டது. நூலின் மானிடவியல் பகுதிகள் இன்று காலாவதியாகிவிட்டன. எதிர்காலம் பற்றிய நம்பிக்கைகள் சில இடங்களில் மிகையானவை. ஆனால், அதைப் பட்டறையிலும் நெசவாலையிலும் வாசித்த பெண்களுக்கு அது முதன்முறையாகத் தங்கள் வாழ்க்கையைத் தங்களுக்கு விளக்கிச் சொன்ன புத்தகம். பிரஷ்யாவில் பெண்கள் அரசியல் சங்கங்களில் சேர்வதே 1908 வரை சட்டவிரோதம் என்பதை நினைத்தால் அதன் துணிவு விளங்கும். தொழிலிலிருந்து அவர் விலகிய பிறகு குடும்பத்துக்குச் சோறு போட்டதும் பெருமளவு இந்த நூலும் பிற எழுத்துகளும்தான்.

1890இல் பேர்லினில் குடியேறிய பேபெல், 1892 முதல் பவுல் சிங்கருடன் சேர்ந்து கட்சியின் தலைவரானார். தொழிலாளர்கள் அவரைத் தங்கள் பேரரசர் என்று செல்லமாகச் சொல்லும் அளவுக்குச் செல்வாக்கு. நாடாளுமன்றத்தில் அவர் எடுத்த பிரச்சினைகளின் வீச்சு பெரிது. படைமுகாம்களில் புதுச் சிப்பாய்கள் அடித்து உதைக்கப்படுவதை, அவர்கள் எழுதிய கடிதங்களைக் கையில் வைத்துக்கொண்டு ஆண்டுதோறும் அம்பலப்படுத்தினார். 1896இல், கிழக்கு ஆப்பிரிக்கக் குடியேற்ற அதிகாரி கார்ல் பீட்டர்ஸ் தம் ஆப்பிரிக்கப் பணியாளனையும், தம்முடன் வாழ்ந்த ஆப்பிரிக்கப் பெண்ணையும் தூக்கிலிட்ட கொடுமையை அவையில் போட்டு உடைத்தார். மறு ஆண்டு பீட்டர்ஸ் பதவிநீக்கம் செய்யப்பட்டார். 1898 ஜனவரியில், ஆண்களுக்கிடையிலான ஒருபால் உறவைக் குற்றமாக்கும் 175ஆம் பிரிவை நீக்க வேண்டும் என்று பேசினார். உலக நாடாளுமன்றங்களிலேயே அதற்கு முன் இப்படி ஒரு குரல் எழுந்ததாகத் தெரியவில்லை.

1907இல் ஸ்டுட்கார்ட்டில் நடந்த சர்வதேச சோஷலிஸ்ட் மாநாட்டுக்கு பேபெலின் கட்சிதான் விருந்தோம்பியது. இந்திய விடுதலைக்கான கொடியை பிக்காஜி காமா அம்மையார் அயல்மண்ணில் விரித்துக் காட்டியது இந்த மாநாட்டில்தான். போர் மூண்டால் தொழிலாளர்கள் என்ன செய்ய வேண்டும் என்பது அங்கே பெரிய விவாதமானது. பொதுவேலைநிறுத்தம் செய்து போரை நிறுத்துவோம் என்று அறிவிக்கப் பிரெஞ்சுத் தோழர்கள் சிலர் வற்புறுத்தினர். பேபெல் மறுத்தார். அப்படி அறிவித்தால் அரசு கட்சியையே நசுக்கிவிடும், ஆள்சேர்ப்பு நாளில் அந்த அறிவிப்பு காகிதமாகத்தான் இருக்கும் என்பது அவர் வாதம்.

பேபெலின் நடுவழிப் பாணியை இங்கே காணலாம். பேச்சில் புரட்சி, நடப்பில் நிதானம். எடுவார்ட் பெர்ன்ஸ்டைன், புரட்சியை மறந்துவிட்டுச் சீர்திருத்தங்களில் கட்சி இறங்க வேண்டும் என்று எழுதியபோது, 1899 ஹனோவர் மாநாட்டிலும் 1903 டிரெஸ்டன் மாநாட்டிலும் மணிக்கணக்கில் பேசி அதைத் தோற்கடித்தார். ஆனால் பெர்ன்ஸ்டைனை வெளியேற்றவில்லை. மறுபுறம், 1905இல் அரசியல் வேலைநிறுத்தத்தை ஆயுதமாக ஏற்க வைத்தவர், மறு ஆண்டே மன்ஹைமில் தொழிற்சங்கங்களின் ஒப்புதல் இல்லாமல் அதைத் தொடங்குவதில்லை என்று இறங்கிவந்தார். தொழிற்சங்கங்களின் தலைவர் கார்ல் லீகியன். அவரும் கடைசல் தொழிலாளியே. கட்சி உடையாமல் காப்பதைக் கொள்கைத் தெளிவைவிட மேலாக பேபெல் வைத்தார் என்ற, கட்சியின் இடதுசாரியான ரோசா லக்சம்பர்க்கின் மனக்குறையில் உண்மை இருக்கிறது. அதே குணம்தான் இரண்டு பேராக அவைக்குப் போன கட்சியை நூறு பேர் கொண்டதாக வளர்த்தது என்பதும் உண்மை.

போரைப் பற்றி அவர் மனம் அமைதியாக இல்லை. 1911 நவம்பர் 9 அன்று, மொராக்கோ நெருக்கடியை ஒட்டிய விவாதத்தில், ஐரோப்பாவில் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட ஆண்கள் ஒருவரையொருவர் எதிர்த்துப் போர்க்களம் புகும் நாள் வரும், அதன் பின்னால் திவாலும் பசியும் வேலையின்மையும் வரும் என்று எச்சரித்தார். வலதுசாரி வரிசைகளில் சிரிப்பு எழுந்தது. ஒவ்வொரு போருக்குப் பின்னும் நிலைமை மேம்படத்தானே செய்கிறது என்று ஒருவர் குரல் கொடுத்ததை அவைக்குறிப்பு பதிவுசெய்திருக்கிறது. அவர் பேச்சோடு நிற்கவில்லை. 1910 முதலே சூரிக்கில் இருந்த பிரிட்டிஷ் துணைத் தூதர் ஹைன்ரிச் ஆங்ஸ்ட் மூலம், ஜெர்மன் கடற்படைப் பெருக்கத்தின் ஆபத்தை லண்டனுக்கு ரகசியமாக எடுத்துச் சொல்லிவந்தார். பல பத்தாண்டுகள் கழித்துத்தான் இது வெளியே வந்தது. வாழ்நாளெல்லாம் திறந்த மேடையில் நின்றவர், இறுதிக் காலத்தில் இப்படி ஒரு வழியை நாட வேண்டி வந்ததே அவருடைய அச்சம் எவ்வளவு ஆழமானது என்பதைச் சொல்லும். ஆனால், ரஷ்ய ஜார் படையெடுத்தால் தாமும் துப்பாக்கியைத் தோளில் ஏந்துவேன் என்று முன்பு அவையில் பேசியவரும் அவரே. அந்த வாக்கியத்தைப் பிறகு மற்றவர்கள் எதற்குப் பயன்படுத்தினார்கள் என்பதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை.

1910 நவம்பரில் யூலியே இறந்தார். 1912 ஜனவரித் தேர்தலில் கட்சி 42 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகளும், 397இல் 110 இடங்களும் பெற்று நாடாளுமன்றத்தின் மிகப்பெரிய கட்சியானது. மன்றத் தலைவர் பதவிக்கு நிறுத்தப்பட்ட பேபெல் தோற்றார்; ஆளும் வட்டாரம் அந்த நாற்காலியை அவருக்கு விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை. 1913 ஆகஸ்ட் 13 அன்று, சுவிட்சர்லாந்தின் பாசுக் என்ற மலையூரில் ஓய்வெடுத்துக்கொண்டிருந்தபோது இதயம் நின்று காலமானார். சூரிக்கின் சிஹ்ல்ஃபெல்ட் இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டார். அப்போது கட்சியின் உறுப்பினர் எண்ணிக்கை பத்து லட்சத்தை நெருங்கியிருந்தது.

அவருடைய இடத்துக்கு வந்தவர் ஃப்ரீட்ரிஷ் ஏபெர்ட், குதிரைச் சேணம் தைக்கும் தொழிலாளி. ஓராண்டு கழிவதற்குள், 1914 ஆகஸ்ட் 4 அன்று, கட்சி போர்க்கடனுக்கு ஆதரவாக வாக்களித்தது. ரஷ்ய ஜாருக்கு எதிரான தற்காப்புப் போர் என்பதே சொல்லப்பட்ட காரணம். துப்பாக்கியைத் தோளில் ஏந்துவேன் என்ற பழைய வாக்கியம் அப்போது எடுத்தாளப்பட்டது. பேபெல் இருந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று அன்று தொடங்கிய வாதம் இன்னும் முடியவில்லை. போரின் நடுவில் கட்சி இரண்டாகப் பிளந்தது. 1918 நவம்பரில் பேரரசு வீழ்ந்தபோது ஆட்சி ஏபெர்ட்டின் கையில் வந்தது. அடுத்த பிப்ரவரியில் அவர் குடியரசின் முதல் தலைவரானார். கோத்தாவில் தோழர்களே தோற்கடித்த திருத்தம், புதிய அரசின் தொடக்க நாட்களிலேயே சட்டமானது. 1919 ஜனவரி 19 அன்று ஜெர்மன் பெண்கள் முதன்முறையாகத் தேசியத் தேர்தலில் வாக்களித்தனர். ஒரு மாதம் கழித்து, வைமார் தேசிய அவையில் பேச எழுந்த முதல் பெண் உறுப்பினர் பேபெலின் கட்சியைச் சேர்ந்த மரீ யூகாட்ஸ். வீட்டுவேலையும் ஆலை வேலையும் பார்த்து, பிறகு தையல் கற்றுப் பிழைத்தவர் அவர்.